பழைய அண்டி ஆபீஸ் இருந்த விளை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சான் போன் பண்ணினான். கருங்கல் பக்கத்தில் 42 சென்ட் விளை (தோப்பு நிலம்) ஒன்று விலைக்கு வருகிறது, அவனும் கூட்டாளிகள் இரண்டு பேரும் சேர்ந்து சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கப் போகிறார்கள், ரோட்டு முகப்பு நன்றாக இருக்கிறது, விலையும் சுற்றுவட்டாரத்தைவிடக் குறைவு. முன்பு அங்கே அண்டி ஆபீஸ் இருந்ததாம், அதனால் மண் கெட்டிருக்குமோ என்று சின்ன சந்தேகம். "நீ வந்து ரெண்டு எடத்துல மண்ணு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பு மச்சான், ரிசல்ட் நல்லா வந்தா அட்வான்ஸ் குடுத்துருவோம்" என்றான்.

இப்போதைக்கு மண் எடுக்க வேண்டாம், முதலில் வந்து பார்க்கிறேன், பிரமாணங்களை (பத்திரங்களை) எடுத்து வை, பக்கத்து வீடுகளில் வயதானவர்கள் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து வை என்றேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. டெஸ்ட் என்றால் பத்து நாளில் ஒரு காகிதம் கைக்கு வந்துவிடும், கூட்டாளிகளிடம் காட்டலாம். வயதானவர்களிடம் கதை கேட்டு என்ன கிடைக்கும் என்பது அவன் கேள்வி. அவனுக்குப் போனில் சொன்ன பதில் போதவில்லை என்று தோன்றியது, அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அண்டி ஆபீஸ் என்றால் முந்திரிப்பருப்புத் தொழிற்சாலை. எங்கள் பக்கம் கொல்லாங்கொட்டையை அண்டி என்போம். மார்த்தாண்டம், புதுக்கடை, கருங்கல் என்று மாவட்டத்தின் மேற்கே எங்கே போனாலும் ஒரு அண்டி ஆபீஸ் இருக்கும், அல்லது இருந்த இடம் இருக்கும். அங்கே வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுடைய விரல் நுனியைப் பார்த்தாலே தெரியும், கறுத்துத் தோல் உரிந்திருக்கும். அண்டித்தோட்டின் எடையில் ஏறக்குறைய கால்வாசி எண்ணெய், அந்த எண்ணெய் தோலைப் பொத்துவிடும். மாங்காய்ப்பால் பட்டு வாயோரம் புண்ணான அனுபவம் உங்களுக்கு இருக்கும், சேங்கொட்டையைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மா, சேங்கொட்டை, கொல்லா மூன்றும் ஒரே குடும்பம், மூன்றின் கொடுமையும் ஒரே வகை வேதிப்பொருளால்தான். வறுக்கும்போது வழிகிற எண்ணெயைச் சில இடங்களில் டின்னில் பிடித்து விற்பார்கள், சில இடங்களில் ஒரு குழியில் விடுவார்கள். அந்தக் குழி எங்கே இருந்தது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். அதை எந்த ஆய்வகமும் சொல்லாது.

நிலம் கெட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கும்போது கேட்க வேண்டியவை மூன்றே மூன்று. கெடுதல் எங்கே கிடக்கிறது, அது எந்த வழியாக நகரும், நகர்ந்து போய் யாரைத் தொடும். மூன்றும் ஒரே கோட்டில் வந்தால்தான் ஆபத்து. பூட்டிய கொட்டகைக்குள் சிமென்ட் தரையில் ஒரு டிரம் ரசாயனம் இருந்தால் கெடுதல் இருக்கிறது, வழி இல்லை. அந்தத் தரையில் விரிசல் விழுந்து, பத்தடி தள்ளி ஒரு கிணறும் இருந்து, அதில் ஒரு வீட்டார் வெள்ளம் கோரிக் குடிக்கிறார்கள் என்றால் கோடு முழுமையாகிவிட்டது. பொருளுக்குப் பொருள் வழியும் மாறும். ஈயம் நிலத்துக்குள் ஆழமாக இறங்காது, மேல்மண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கிடக்கும், முற்றத்தில் விளையாடுகிற பிள்ளை கையை வாயில் வைக்கும்போது உள்ளே போகும். தோல் பதனிடுகிறவர்கள் பயன்படுத்தும் குரோமியத்தில் கொடிய வகை ஒன்று இருக்கிறது, அது நீரோடு ஓடும். 1990களில் மூடிய ஒரு ஆலை ராணிப்பேட்டையில் விட்டுப்போன ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவிலிருந்து மஞ்சள் நீர் கசிந்தது அப்படித்தான். பாதரசம் ஆவியாகி மூச்சில் ஏறும். அதனால் "மண்ணை டெஸ்ட் பண்ணு" என்ற சொல்லுக்கே தனியாகப் பொருள் கிடையாது. எந்த மண், எத்தனை அடி ஆழம், எந்தப் பொருளுக்காக என்று சொல்ல முடிந்தால்தான் டெஸ்டுக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

இந்த முதல் பார்வைக்கு ஒரு முறையை உண்டாக்கிச் சட்டத்தோடு கட்டிவைத்தது அமெரிக்காதான், அதுவும் அடிபட்ட பிறகு. நயாகரா நீர்வீழ்ச்சி இருக்கிற ஊரில் லவ் கெனால் என்று பாதியில் நின்றுபோன ஒரு கால்வாய். 1942 முதல் 1953 வரை ஒரு ரசாயன கம்பெனி சுமார் 21,000 டன் கழிவை அதில் கொட்டி மண் போட்டு மூடியது. 1953ல் அந்த நிலத்தைப் பள்ளி வாரியத்துக்கு ஒரே ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். ரசாயனக் கழிவு புதைத்த இடம் என்று அந்தப் பிரமாணத்திலேயே எழுதியிருந்தது. அதன்பிறகும் அங்கே பள்ளி வந்தது, சுற்றி வீடுகள் வந்தன, அடித்தளத்தில் கறுப்புக் கசிவு வந்தது, 1978ல் அவசர நிலை அறிவித்து மக்களை வெளியேற்றினார்கள். 1980ல் இப்படிக் கெட்டுப்போன இடங்களைக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்வதற்கான சூப்பர்ஃபண்ட் சட்டம் வந்தது. மச்சானுக்கு நான் போனில் சொன்னது இந்தக் கதையைத்தான். பள்ளியும் குறைந்த விலையும் எனக்கு அவனுடைய விளையை நினைவுபடுத்தின, அங்கே எச்சரிக்கை எழுத்திலேயே இருந்ததால்தான் பிரமாணங்களை எடுத்து வைக்கச் சொன்னேன்.

அங்கே ஒரு இடத்தைப் பற்றித் தகவல் வந்தால் முதல் கட்டத்தில் பெரும்பாலும் மண்ணும் நீரும் எடுக்க மாட்டார்கள். காகிதம் பார்ப்பது, நேரில் போய்ச் சுற்றுவது, சுற்றுவட்டாரத்தில் யார் எந்த நீரைக் குடிக்கிறார்கள் என்று கணக்கெடுப்பது, அவ்வளவுதான். நிலத்தடி நீருக்குச் சுற்றிலும் நாலு மைல் தூரம், ஆறும் ஓடையும் என்றால் கீழ்நோக்கிப் பதினைந்து மைல். நாலு மைலை நம்மூருக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு புள்ளியைச் சுற்றி ஆறரை கிலோமீட்டருக்கு வட்டம் போட்டால் ஏறக்குறைய 130 சதுர கிலோமீட்டர் வரும், குமரி மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்துக்கு மேல் ஆட்கள், அப்படியானால் ஒரே வட்டத்துக்குள் ஒன்றேகால் லட்சம் பேருக்கு மேல், அதில் பல வீட்டில் கிணறு. பதினைந்து மைல் என்றால் 24 கிலோமீட்டர். குழித்துறையில் ஆற்றில் விழுந்தது தேங்காய்ப்பட்டணத்தில் கடலைத் தொட அவ்வளவு தூரம்கூட வேண்டாம்.

முதல் பார்வையில் சந்தேகம் நிற்கிறது என்றால்தான் அடுத்த கட்டத்தில் மாதிரி எடுப்பார்கள், அதுவும் எங்கே கெட்டிருக்கும் என்று முதலில் ஊகித்து, அந்த ஊகம் சரியா தவறா என்று பார்க்கிற அளவுக்கு மட்டும். அப்புறம் ஆபத்துக்கு மதிப்பெண் போடுவார்கள், 28.5 வந்தால் முதலில் கவனிக்க வேண்டிய இடங்களின் தேசியப் பட்டியலில் சேரத் தகுதி. இந்த 28.5 ஏதோ உயிருக்கு ஆபத்து தொடங்கும் அளவு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பட்டியலில் குறைந்தது 400 இடமாவது வேண்டும் என்று சட்டம் சொன்னது, 400 இடம் தேறுகிற மாதிரி கோட்டைப் போட்டார்கள், அது 28.5ல் விழுந்தது. 27 வாங்கிய இடத்தில் குடியிருக்கிறவருக்கு அந்தக் கோடு எந்த ஆறுதலும் தராது. ஈயமும் அப்படித்தான், வீட்டு மண்ணில் கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்று 1994 முதல் வைத்திருந்த அளவை 2024 ஜனவரியில் 200 ஆகக் குறைத்தார்கள். 350 வந்த ஒரு முற்றம் அதுவரை பாஸ்.

இன்னொன்று. அங்கே இப்படிப் பரிசோதித்த பல பத்தாயிரம் இடங்களில் தேசியப் பட்டியலில் இருப்பது 1,300 சொச்சம். மற்றவற்றில் பெரும்பங்கு ஏதோ ஒரு கட்டத்தில் "மேற்கொண்டு நடவடிக்கை வேண்டாம்" என்று கழிந்துபோனவை. அதில் தப்பில்லை, எல்லா இடத்தையும் தோண்டிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் முதல் கட்டத்தில் அவசரப்பட்டு "ஒன்றுமில்லை" என்று எழுதிவிட்டால் அந்தக் கோப்பை மறுபடியும் பெரும்பாலும் யாரும் திறப்பதில்லை. வீண் சந்தேகத்தால் போவது கொஞ்சம் பணம், கொஞ்ச நாள். தப்பான "ஒன்றுமில்லை"யால் என்ன போகும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே ஒரு தடவை அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பதினோரு வருடம் இருக்கும். நாகர்கோவிலுக்கு வெளியே பன்னிரண்டு சென்ட் நிலம், வீடு கட்டப் போகிறவர்கள் அழைத்திருந்தார்கள், முன்பு ஏதோ ஒர்க்‌ஷாப் இருந்தது என்று மட்டும் சொன்னார்கள். நான் மூன்று இடத்தில் ஒரு அடி ஆழத்துக்குத் தோண்டி மண் எடுத்தேன், நல்ல சிவப்பு மண், வாடையில்லை, எண்ணெய்ப் பிசுக்கில்லை. ஒர்க்‌ஷாப் என்றதால் எண்ணெய்க்கும் கிரீஸுக்கும் மட்டும் பார்க்கச் சொன்னேன். எல்லாம் சுத்தம் என்று வந்தது. ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அக்கம்பக்கத்தில் ஒருவரிடமும் பேசவில்லை.

அஸ்திவாரம் தோண்டியவர்கள் நாலடியில் கறுப்பாகக் கட்டை கட்டையாக என்னவோ வருகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்காரர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நான்தான் சுத்தம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேனே. தோண்டிய மண்ணை முற்றத்திலேயே நிரத்திவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து வேறு வேலையாக அந்தத் தெருவுக்குப் போனபோது எதிரே டீக்கடை வைத்திருந்த அண்ணாச்சி பேச்சுவாக்கில் சொன்னார், "அது ஒர்க்‌ஷாப் இல்ல தம்பி, பழைய பேட்டரி உடைக்கிற எடம்லா, ஈயத்தை எடுத்துட்டுத் தோட்டையெல்லாம் பின்னால இருந்த பள்ளத்துலதான் போடுவான், அப்புறமா நாலு லோடு செம்மண்ணு அடிச்சு நிரத்துனான்." நான் எடுத்தது அந்த நாலு லோடு செம்மண்ணைத்தான், வேறு எங்கிருந்தோ வந்த நல்ல மண்.

அந்த வீட்டில் அப்போது இரண்டு வயதுப் பிள்ளை இருந்தது. அன்று சாயங்காலமே போய் உண்மையைச் சொன்னேன், பிள்ளைக்கு ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொன்னேன், முற்றத்து மண்ணை என் செலவில் டெஸ்டுக்குக் கொடுத்தேன். ரத்தப் பரிசோதனையின் முடிவு அந்த வீட்டாருடையது, இங்கே எழுத மாட்டேன். முற்றத்து மேல்மண்ணை வெட்டி அகற்றித் தளம் போடும்வரை அவர்கள் அந்த வீட்டம்மாவின் பிறந்த வீட்டில் போய் இருந்தார்கள். இப்போதும் வருடத்துக்கு ஒரு தடவை அங்கே போய்வருகிறேன். டீக்கடை அந்த நிலத்திலிருந்து முப்பது அடி தூரத்தில்தான் இருந்தது. ஒரு சாயா குடித்துவிட்டு "இங்கே முன்னால என்ன இருந்தது அண்ணாச்சி" என்று கேட்டிருந்தால் போதும்.

கொடைக்கானலில் வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசக் கண்ணாடிச் சில்லுகள் 2001ல் வெளிச்சத்துக்கு வந்ததும் முஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில்தான். அதைக் கவனித்துச் சொன்னவர்கள் ஊர்க்காரர்களும் சூழல் ஆர்வலர்களும். அதற்குப் பிறகுதான் ஆலை மூடப்பட்டது.

சரி, கருங்கலுக்கு வருகிறேன்.

மச்சான் பிரமாணங்களை எடுத்து வைத்திருந்தான், வில்லங்கச் சான்றும் இருந்தது. வில்லங்கத்தில் யார் யாருக்கு விற்றார் என்பது தெரியும், அங்கே என்ன நடந்தது என்பது தெரியாது. அதற்கு சொத்து விவரத்தையும் நான்கு எல்கையையும் படிக்க வேண்டும். விற்கிறவருடைய பிரமாணத்தில் "தெங்கு உள்பட விளை" என்றுதான் இருந்தது, கட்டடம் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் வடக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடைய பழைய பிரமாணத்தைக் காட்டினார், அதில் தெற்கு எல்கை "அண்டிக் கம்பெனி மதிலும் வெள்ளச்சாலும்" என்று எழுதியிருந்தது, வெள்ளச்சால் என்றால் தண்ணீர் ஓடும் வாய்க்கால். மதில் அங்கே இருந்தது என்பதைவிட, கம்பெனியிலிருந்து ஒரு சால் வடக்கே ஓடியது என்பதுதான் எனக்குப் பெரிய செய்தி. உங்கள் நிலத்தைப் பற்றி உங்கள் பிரமாணத்தைவிடப் பக்கத்து நிலத்தின் பிரமாணம் அதிகம் பேசும், இதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். விற்கிறவர் தன் சொத்தில் மறைக்க நினைத்தது அடுத்தவன் எல்கையில் அப்படியே கிடக்கும். 1956க்கு முந்தைய பிரமாணங்கள் என்றால் நம் மாவட்டத்தில் பெரும்பாலும் மலையாள எழுத்தில் இருக்கும், பழையவை திருவிதாங்கூர்க் காலத்து முத்திரைத்தாள். படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், உங்கள் வீட்டில் அப்படி ஒரு கட்டு இருந்தால் தெரிந்த பெரியவர் ஒருவரை உட்காரவைத்து இப்போதே தமிழில் எழுதி வாங்கி வையுங்கள்.

காகிதம் முடிந்ததும் நடந்தோம். விளையின் வடகிழக்கில் ஐந்தாறு தென்னைகளின் ஓலை மஞ்சளித்துத் தொங்கியது. மச்சான் பயந்துவிட்டான். நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன், அங்கேயும் அதே மஞ்சள், அரை மைல் தள்ளியும் அதே. வேர்வாடல் நோய், மாவட்டத்தின் மேற்கே பல இடங்களில் இருக்கிறது. ஒரு நிலத்தில் மட்டும் இருப்பதா, ஊர் முழுக்க இருப்பதா என்று பார்க்காமல் எதையும் நிலத்தின் மேல் ஏற்றக் கூடாது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கதிர்வீச்சு அளக்கும் கருவியை நீட்டினால் முள் எகிறும், அங்கே மணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு, மோனசைட்டில் கதிர்வீசும் தோரியம் உண்டு, அது மலையிலிருந்து ஆறு கொண்டுவந்து கடல் சலித்துச் சேர்த்தது. அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு ஆலை கொட்டியது என்று எழுதினால் பெரும் பிழை. அதேபோல, "இங்கே இயற்கையிலேயே இருக்கிறது" என்று சொல்லி மனிதன் தோண்டிக் குவித்ததையும் மூடிவிடலாம், அந்தப் பிழையும் நடக்கும். ஊரின் பொதுவான அளவு என்ன, இந்த இடத்தின் அளவு என்ன, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பேச வேண்டும்.

வடக்குச் சாலில் தேங்கிய நீரில் வானவில் மாதிரி ஒரு படலம். "எண்ணெய்!" என்றான் மச்சான். ஒரு ஈர்க்குச்சியை எடுத்து அதைக் கீறினேன். கண்ணாடி உடைகிற மாதிரி துண்டு துண்டாகப் பிரிந்து அப்படியே நின்றது. அது இரும்பைத் தின்னும் பாக்டீரியா போடுகிற படலம், செம்மண் நாட்டில் சாதாரணம், உடைந்தால் ஒட்டாது. பெட்ரோல், டீசல் படலமாக இருந்தால் குச்சி போன வழியில் மறுபடியும் சுழன்று ஒன்றுசேர்ந்துவிடும். இதற்கு ஒரு பைசா செலவில்லை, எந்தக் குளக்கரையிலும் நீங்களே செய்து பார்க்கலாம். பக்கத்து வீட்டில் கட்டன்சாயா தந்தார்கள், நன்றாகக் கறுத்திருந்தது, அதுவும் நீரில் இருக்கிற இரும்பின் வேலைதான். அந்த வீட்டுக் கிணற்றைப் போன வருடம் டெஸ்ட் பண்ணிய காகிதமும் வைத்திருந்தார்கள். உப்பு, கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், இரும்பு, கிருமி, எல்லாம் பார்த்திருந்தார்கள், குடிக்கலாம் என்று முத்திரையும் இருந்தது. அண்டி எண்ணெய் பீனால் வகை, அதை அதில் பார்க்கவே இல்லை. பார்க்கச் சொல்லிக் கேட்டால்தான் பார்ப்பார்கள். இந்தியத் தர நிர்ணயத்தில் குடிநீரில் பீனால் லிட்டருக்கு 0.001 மில்லிகிராம்தான் ஏற்கத்தக்க அளவு, வேறு நீரே இல்லையென்றால் 0.002. ஈயத்துக்கு 0.01, அதற்கு விலக்கே கிடையாது. வழக்கமான குடிநீர் டெஸ்டில் இரண்டுமே வராது என்பதை நிலம் வாங்குகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம்தான் பாட்டி. மேற்குப் பக்கத்து ஓட்டு வீட்டில் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர், பதினாறு வயதில் தல்லுற வேலைக்கு (அண்டியை உடைத்துப் பருப்பு எடுப்பது) சேர்ந்து கம்பெனி பூட்டும்வரை இருந்தவர். திண்ணையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர் என்று முதலில் என்னை விசாரித்தார். அண்டி வறுக்கிற கொட்டகையைப் புரை என்பார்கள். நான் கேட்டதெல்லாம், "வறுக்குற புரை எங்க இருந்தது பாட்டி?" அவ்வளவுதான். எழுந்து கம்பை ஊன்றிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"இன்னா, இந்தப் பிலாவுக்கு நேரா மக்களே. அதுக்கு அங்ஙன எண்ணக்குழி. மழ காலத்துல குழி நெறஞ்சு சால் வழியாப் போவும், கீழ ஏலாவுல (வயலில்) நாத்து கருகிரும், ஏலாக்காரன் வந்து ஒருபாடு சண்ட போட்டிருக்கான். தோடு எல்லாம் தெக்க குவிச்சுப் போட்டிருக்கும், செங்கச் சூளைக்காரன் வந்து எடுத்துட்டுப் போவான். கெணறு ரெண்டு உண்டும். ஒண்ணுல நாங்க யாரும் வெள்ளம் குடிக்க மாட்டோம், கை கழுவ மட்டும்."

ஏன் குடிக்க மாட்டீர்கள் என்றேன். "தொண்ட காந்தும்" என்றார். அந்தக் கிணறு இப்போது எங்கே என்று கேட்டதற்கு, மச்சானும் கூட்டாளிகளும் குழந்தைகளின் விளையாட்டு மைதானத்துக்குக் குறித்து வைத்திருந்த இடத்தைக் கம்பால் காட்டினார். தூர்த்து நிரத்தியிருந்தார்கள், மேலே புல் நன்றாகப் பச்சையாக இருந்தது.

பத்து நிமிடம் பேசியிருப்போம். கெடுதல் எங்கே, எந்த வழியாகப் போனது, யாரைத் தொட்டது, எனக்குத் தேவையான மூன்றும் அதில் வந்துவிட்டன. மச்சான் சொன்னபடி ரோட்டோரத்தில் இரண்டு இடத்தில் மண் எடுத்திருந்தால் இரண்டும் சுத்தம் என்றுதான் வந்திருக்கும், ஏனென்றால் ரோட்டோரத்தில் இருந்தது கணக்கப்பிள்ளையின் அறையும் பருப்பு பேக்கிங் நடந்த கொட்டகையும். இதையும் பாட்டிதான் சொன்னார்.

எனக்குள்ள பெரிய கவலை இதுதான். நம் மாவட்டத்தில் அண்டி ஆபீஸ் மட்டுமில்லை, குலசேகரம் பக்கம் ரப்பர்ப் பாலை ஆசிட் விட்டு உறையவைத்த புரைகள், கடற்கரையில் படகுக்குப் பெயின்ட் அடித்த தளங்கள், டேங்க் எடுத்துவிட்ட பழைய பெட்ரோல் பங்குகள், தங்கம் உருக்கி ஆசிட்டில் கழுவிய பட்டறைகள், நிரத்திய குளங்கள் என்று எத்தனையோ இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை சின்னத் தொழில்கள், அரசு ஆவணத்தில் ஒரு வரிகூட இருக்காது. அந்த இடங்களில் வேலை செய்தவர்களின் நினைவுதான் ஆவணம். அவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. நிலமோ கைமாறிக்கொண்டே இருக்கிறது, ஒவ்வொரு தடவை கைமாறும்போதும் மேலே ஒரு லோடு புது மண் விழுகிறது.

இந்தியாவில் இதற்கென்று தனி விதிமுறை வந்தது 2025 ஜூலையில்தான், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழே மாசடைந்த இடங்களை நிர்வகிக்கும் விதிகள். அதன்படி சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாவட்ட நிர்வாகம் தயாரிக்க வேண்டும். தகவல் வந்த 90 நாளுக்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் முதல்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும், சந்தேகம் நின்றால் அடுத்த மூன்று மாதத்தில் விரிவான ஆய்வு, அளவு மீறியிருந்தால் இடத்தை வெளிப்படையாக அறிவித்து ஆள் போகாமல் தடுக்க வேண்டும், யார் பொறுப்பு என்று கண்டுபிடிக்க 90 நாள். கதிரியக்கக் கழிவு, சுரங்க வேலை, கடலில் எண்ணெய் கொட்டுவது, குப்பைக் கிடங்கு ஆகியவற்றுக்கு வேறு சட்டங்கள் இருப்பதால் அவை பொதுவாக இதில் வராது. குமரி மாவட்டத்துக்கு அந்த விலக்குகள் சின்ன விஷயமில்லை, மணல் ஆலையும் கல்குவாரியும் துறைமுகமும் உள்ள மாவட்டம் இது. ஆனால் அண்டி ஆபீஸும் பேட்டரிப் பட்டறையும் அந்த விலக்குகளில் அடங்கவில்லை.

பட்டியல் தயாரிக்கிறவர்களுக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். அமெரிக்கச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவரோ பாதிக்கப்படக்கூடியவரோ மனுக் கொடுத்து ஒரு இடத்துக்கு முதல்கட்ட மதிப்பீடு கேட்கலாம், 12 மாதத்துக்குள் செய்ய வேண்டும், இல்லையென்றால் ஏன் செய்யவில்லை என்று விளக்க வேண்டும். இங்கே திங்கள்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது, மனுவை அங்கே கொடுக்கலாம். வெறுமனே "நிலம் கெட்டிருக்கிறது" என்று எழுதாதீர்கள். சர்வே நம்பர், முன்பு என்ன தொழில், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, கழிவை எங்கே கொட்டினார்கள், நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, பக்கத்தில் எத்தனை கிணறு, எந்தக் கிணற்றில் குடிக்கிறார்கள், இதைச் சொன்னவர் யார், அவர் அங்கே என்ன வேலை செய்தார். ஒரு பக்கம் போதும். இவ்வளவும் எழுதியிருந்தால் வாரியத்தின் பாதி வேலையை நீங்கள் முடித்துக் கொடுத்துவிட்டீர்கள், தள்ளிவிடுவதும் கஷ்டம்.

மச்சான் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. விற்கிறவரிடம் முதலில் இடத்தைச் சரியாகப் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறான், அவரும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு கடைசியில் சம்மதித்தார். போன சனிக்கிழமை மறுபடியும் போனோம். பாட்டியை நாற்காலி போட்டு பிலாமரத்தடியில் உட்காரவைத்து, அவர் கை காட்டக் காட்ட முளைக்குச்சி அடித்தோம். எண்ணெய்க்குழியில் இரண்டு, தூர்த்த கிணற்றில் ஒன்று, தோடு குவித்த இடத்தில் ஒன்று, சால் ஏலாவில் சேருகிற வாயில் ஒன்று, ஊரின் பொதுவான அளவு தெரிவதற்காக ரோட்டுக்கு அந்தப் பக்கம் மேட்டில் ஒன்று. நிரத்திய மண் முடிந்து பழைய மண் தொடங்கும்வரை ஒவ்வொன்றிலும் தோண்ட வேண்டும், பழைய மண்ணில் மட்டும் மாதிரி எடுக்க வேண்டும். வடக்கு வீட்டுக் கிணற்று நீரும் பீனாலுக்குப் போகிறது, அதுவரை குடிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், மச்சான் அவர்களுக்குத் தினமும் இரண்டு கேன் தண்ணீர் இறக்குகிறான். கிணறு வெட்டுகிற ஆட்கள் வருகிற வியாழக்கிழமை வருகிறார்கள்.